எல்லைப்புற ஓட்டுநரும் ஏற்ற உரிமமும்

(ஆனைகட்டியில் அரசு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைக் கணிக்கும்போது சாலைகளின் நீளத்தையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்வது வழக்கம். அச்சாலைகளில் அவ்வாகனங்களைச் செலுத்தும் மனிதனைப் பற்றிய கணக்கை எவரும் அவ்வளவாக எடுப்பதில்லை. நிலமும் முதலும் இல்லாத இளைஞனுக்குக் குறுகிய காலத்தில் கைகூடும் தொழில்களுள் வாகனம் ஓட்டுவதும் ஒன்று. அத்தொழிலில் அவன் இடும் முதல், அவன் சட்டைப் பையிலுள்ள ஓட்டுநர் உரிமமே. ஓட்டும் வாகனத்துக்கு ஏற்ற உரிமம் அவனிடம் இருக்குமானால் அது வாழ்நாள் முழுதும் பயன் தரும் சொத்து. ஏற்ற உரிமம் இல்லையேல் ஒரே ஒரு விபத்து அவனையும், அவனை நம்பி வாகனத்தை ஒப்படைத்தவரையும் மீளாக் கடனில் ஆழ்த்திவிடக்கூடும். ஆகவே, எந்த ஓட்டுநருக்கு எந்த உரிமம் என்னும் வினாவை அலுவலகப் படிவம் பற்றிய வினாவாக மட்டும் கருதலாகாது. அது வேலைவாய்ப்பையும் குடும்பப் பாதுகாப்பையும் சார்ந்த வினாவாகும்.

எல்லைப்புறத்தின் தனி நிலை

இவ்வினாவை ஆராய ஆனைகட்டியைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கோயம்புத்தூரிலிருந்து சின்னத்தடாகம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இவ்வூரின் ஒரு பகுதி தமிழ்நாட்டின் கோவை மாவட்டத்திலும், மறுபகுதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளன. எல்லையைக் கடந்தால் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் ஆகிய ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் ‘ஊரு’கள் மலைச்சரிவுகளில் பரவிக் கிடக்கின்றன. மண்ணார்க்காடு - சின்னத்தடாகம் சாலையை விட்டு விலகிய உட்பகுதிகளில் பேருந்துக்குப் பதிலாக ஜீப்பே ஓடுகிறது. நோயாளியை மருத்துவமனைக்கும், விளைபொருளைச் சந்தைக்கும், மாணவரைப் பள்ளிக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே.

தெற்கே இடுக்கி மாவட்ட எல்லையிலும் நிலைமை இதைப் போன்றதே. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் சென்று திரும்புகின்றனர். மலைச் சாலையில் ஒரு ஜீப் தடம் மாறினால் என்ன நேரும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ம் நாள் வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சென்ற ஜீப் பள்ளத்தில் விழுந்ததில் ஒன்பது பெண்கள் உயிரிழந்தனர். இத்தகைய துயரம் நேரும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு எங்கிருந்து வரும் என்ற கேள்வி உடனே எழுகிறது. விடை தேடுவோர் முதலில் புரட்டிப் பார்ப்பவை மூன்று தாள்களே: ஓட்டுநரின் உரிமம், வாகனத்தின் அனுமதிச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான மத்தியச் சட்டம் முதன்முதலாக 1914-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 1939-ம் ஆண்டுச் சட்டம் பெற்றது. இன்று நடைமுறையில் உள்ளது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை முதல் நாள் செயலுக்கு வந்தது. இச்சட்டத்தின் 3-ம் பிரிவு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. பொது இடத்தில் வாகனம் ஓட்டுபவர், அவ்வாகனத்தை ஓட்ட அதிகாரம் அளிக்கும், நடப்பிலுள்ள உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது முதலாவது. வாடகைக்கோ வாணிகத்துக்கோ பயன்படும் ‘போக்குவரத்து வாகனம்’ ஆயின், அதனை ஓட்டும் தகுதி உரிமத்தில் தனியே குறிக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது நிபந்தனையையே மக்கள் ‘பேட்ஜ்’ என்ற ஒரே சொல்லால் குறித்து வந்துள்ளனர்.

சட்டம் இயற்றப்பட்டபோது நடுத்தரச் சரக்கு வாகனம், நடுத்தரப் பயணியர் வாகனம், கனரகச் சரக்கு வாகனம், கனரகப் பயணியர் வாகனம் என நான்கு தனி வகைகள் உரிமத்தில் இருந்தன. 1994-ம் ஆண்டுத் திருத்தம் அந்நான்கையும் நீக்கி, ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே வகையை ஏற்படுத்தியது. அதே திருத்தம் இலகுரக மோட்டார் வாகனத்தின் எடை வரம்பை 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவாக உயர்த்தியது. பிற்காலத்தில் எழுந்த பெருங்குழப்பத்துக்கு இவ்விரு மாற்றங்களும் வித்திட்டன.

யாருக்கு எந்த உரிமம்?

சட்டத்தின் 10-ம் பிரிவு கூறும் வகைகளை, அவற்றைப் பயன்படுத்தும் மக்களை முன்வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

முதலில் மாணவர். பதினாறு வயது நிறைந்தவர் 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வாகனத்தை ஓட்ட உரிமம் பெறலாம். கடைகளில் இன்று பரவலாக விற்கப்படும் ஸ்கூட்டர்கள் 100 கன சென்டிமீட்டருக்கும் மேற்பட்டவை. ஆகவே, பதினாறு வயது உரிமத்தைக் காட்டி அத்தகைய ஸ்கூட்டரை ஓட்டுவது உரிமமின்றி ஓட்டுவதற்கு ஒப்பாகும். சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்க 2019-ம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. வாகனப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அச்சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வேலை தேடும் வயதில் ஏழு ஆண்டுகளை இழப்பது எத்தகைய இழப்பு என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பதினெட்டு வயது நிறைந்தவர் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் இலகுரக மோட்டார் வாகனத்துக்கும் உரிமம் பெறத் தகுதியுடையவர். கியர் இல்லாத வாகனத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவர் கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டலாகாது. மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் காருக்குச் செல்லாது. காருக்கான உரிமம் மோட்டார் சைக்கிளுக்கும் செல்லாது. ஒருவர் எத்தனை வகைகளையும் பெறலாம். ஆயினும் அவை அனைத்தும் ஒரே உரிமத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

அடுத்து உழவர். டிராக்டருக்கும் சாலை உருளைக்கும் சுமையற்ற நிலையில் உள்ள எடையே கணக்கு. அது 7,500 கிலோவுக்கு மேற்படாவிடில் அவை இலகுரக வகையைச் சாரும். சிறப்பு வகைப் பொறி வாகனங்களுக்கு ‘குறிப்பிட்ட விவரமுள்ள மோட்டார் வாகனம்’ என்ற தனி வகை உண்டு.

மாற்றுத் திறனாளிகளுக்கு ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்னும் வகை உள்ளது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை நம் ஊர்களில் பலரும் கண்டிருப்பர். முன்பு சட்டத்திலிருந்த ‘ஊனமுற்றோர் வண்டி’ என்ற பொருள்படும் பெயரை 2019-ம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. இலேசான, மிதமான நிறக்குருடு உள்ளோரும் உரிமம் பெற 2020-ம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது. மின்சார ரிக்‌ஷா ஓட்டுபவருக்குக் குறைந்தது பத்து நாள் பயிற்சி கட்டாயம். எரிவாயு, பெட்ரோலியம் போன்ற அபாயச் சரக்குகளை ஏற்றிச் செல்பவருக்கு அதற்கெனத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிக் குறிப்பும் தேவை.

இறுதியாக, லாரியும் பேருந்தும் ஓட்ட விரும்புபவர். போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயது நிறைய வேண்டும் என்கிறது 4-ம் பிரிவு. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே இவ்வகைக்குப் பழகுநர் உரிமம் பெற இயலும் என்கிறது 7-ம் பிரிவு. மருத்துவச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். பத்தொன்பது வயதுக்குள் முதற்படி ஏறாதவர் இருபது வயது நிறைந்தவுடன் மேற்படி ஏற இயலாது என்பது இவ்விதிகளால் விளங்கும். லாரி ஓட்டுநராக விரும்பும் இளைஞர் இலகுரக உரிமத்தைக் காலம் தாழ்த்தாது பெறுவது அறிவுடைமை.

7,500 கிலோ என்னும் எல்லைக்கோடு

இலகுரக வாகன உரிமம் மட்டும் வைத்திருப்பவர் வாடகை ஜீப்பையோ, ஆட்டோவையோ, சிறு சரக்கு வண்டியையோ ஓட்டலாமா? இவ்வினாவுக்கு நீண்ட காலம் ஒருமித்த விடை இல்லை. இவை எடையால் இலகுரக வாகனங்கள். பயனால் போக்குவரத்து வாகனங்கள். பேட்ஜ் இல்லை என்ற காரணத்தால் இழப்பீட்டுப் பொறுப்பை மறுக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் முற்பட்டன. விபத்து நேர்ந்த பின் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நீண்டன.

2017 ஜூலை 3-ம் நாள் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதற்கு விடை கூறினர். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமம் உடையவர் ஓட்டலாம். தனி மேற்குறிப்பு வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பு. இதனையொட்டி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு அறிவுரை வழங்கியது. ஆயினும் தீர்ப்பின் சரித்தன்மை மீண்டும் கேள்விக்கு உள்ளாகி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன் சென்றது. 2024 நவம்பர் 6-ம் நாள் ரம்பா தேவி வழக்கில் அவ்வமர்வு முந்தைய தீர்ப்பை உறுதி செய்தது. போக்குவரத்து வாகனங்களுக்கான கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவுக்கு மேற்பட்ட நடுத்தர, கனரக வாகனங்களை ஓட்ட விரும்புவோருக்கே பொருந்தும் என்று அது தெளிவுபடுத்தியது. மின்சார ரிக்‌ஷா, அபாயச் சரக்கு ஆகியவற்றுக்கான சிறப்பு விதிகள் தொடரும் என்றும் கூறியது.

இத்தீர்ப்பின் சமூகப் பயன் பெரிது. அட்டப்பாடியின் ஜீப் ஓட்டுநரும், தடாகம் பள்ளத்தாக்கின் சிறு சரக்கு வண்டி ஓட்டுநரும், போடிமெட்டில் ஏறும் தோட்ட ஜீப் ஓட்டுநரும் தங்கள் இலகுரக உரிமத்தைக் கொண்டே தொழில் செய்ய உரிமை பெற்றுள்ளனர். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வாகனத்தின் தோற்றத்தைக் கொண்டு எடையைத் தீர்மானிக்கக் கூடாது. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், மொத்த வாகன எடை குறிக்கப்பட்டுள்ளது. அங்கு 7,500 அல்லது அதற்குக் குறைவான எண் இருந்தால் இலகுரக உரிமம் போதும். ஒரு கிலோ கூடினாலும் போதாது. இரண்டு அச்சுகள் கொண்ட வழக்கமான ஆறு சக்கர லாரியின் மொத்த எடை இவ்வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. சிறு வண்டியில் கைதேர்ந்த ஓட்டுநரிடம் ‘ஒரு நாளைக்கு மட்டும்’ என்று கூறி லாரியின் சாவியைக் கொடுக்கும் வழக்கம் இங்குதான் ஆபத்தாக முடிகிறது.

உரிமம் வேறு, அனுமதி வேறு

எல்லைப்புற மக்களிடையே பரவலாகக் காணப்படும் மற்றொரு மயக்கம் உரிமத்தையும் அனுமதியையும் ஒன்றெனக் கருதுவது. உரிமம் மனிதனுக்கு உரியது. அனுமதி வாகனத்துக்கு உரியது. 13-ம் பிரிவின்படி, எந்த மாநிலத்தில் பெற்ற ஓட்டுநர் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும். மண்ணார்க்காட்டில் உரிமம் பெற்றவர் கோவையிலும், கோவையில் பெற்றவர் அகளியிலும் தடையின்றி ஓட்டலாம்.

வாகனத்தின் நிலை அவ்வாறன்று. 66-ம் பிரிவின்படி போக்குவரத்து வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு தேவை. 88-ம் பிரிவின்படி, ஒரு மாநிலம் வழங்கிய அனுமதி, சட்டம் விலக்களித்தாலன்றி, மறு மாநிலத்தின் மேலொப்பம் இன்றி அங்குச் செல்லாது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்கு அனுமதியே தேவையில்லை என்ற விலக்கு சிறு வணிகருக்கு உதவுவதாகும். ஆட்களை ஏற்றும் ஜீப்புக்கு அவ்விலக்கு இல்லை. சொந்தப் பயனுக்கெனப் பதிவு செய்த ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றினால், ஓட்டுநரின் உரிமம் எவ்வளவு சரியாக இருப்பினும் அது அனுமதி மீறலே. காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அதுவும் ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 2024-ம் ஆண்டுத் தீர்ப்பு பேட்ஜின் தேவையை நீக்கியதேயன்றி அனுமதியின் தேவையை நீக்கவில்லை. இவ்வேறுபாட்டை ஒவ்வொரு ஜீப் நிறுத்தத்திலும் எடுத்துச் சொல்வது அவசியம்.

இரு மாநிலங்களிலும் உறவும் தொழிலும் உள்ளவர்கள் இரு பக்கமும் தனித்தனி உரிமம் எடுத்துக்கொள்ள நினைப்பதுண்டு. நடப்பிலுள்ள உரிமம் ஒன்றை வைத்திருப்பவர் மற்றொன்றை வைத்திருக்கக் கூடாது என்று 6-ம் பிரிவு தடை செய்கிறது. ‘சாரதி’ என்னும் கணினித் தொகுப்பில் நாட்டின் உரிமங்கள் பதிவாகி வரும் இக்காலத்தில் இத்தகைய இரட்டை உரிமத்தைக் கண்டறிவதும் எளிது. குடியிருக்கும் மாநிலத்திலோ தொழில் நடத்தும் மாநிலத்திலோ விண்ணப்பிக்கலாம். அம்மாநிலத்தின் எந்த உரிம அலுவலரிடமும் விண்ணப்பிக்கலாம் என 2019-ம் ஆண்டுத் திருத்தம் வசதி செய்துள்ளது.

எட்டாம் வகுப்பும் ஏழை ஓட்டுநரும்

போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2007-ம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. சாலைக் குறிகளைப் படித்தறியும் திறன் வேண்டும் என்ற நோக்கம் குறை கூறத்தக்கதன்று. ஆயினும் வாகனத்தைத் திறம்படச் செலுத்தத் தெரிந்தும் பள்ளிச் சான்று இல்லாதவர்களை அவ்விதி வாயிலிலேயே நிறுத்தியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்கள் மிகுந்த மலைப்பகுதிகளில் இதன் விளைவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஹரியானாவின் மேவாத் பகுதி மக்களுக்காக அம்மாநில அரசு இவ்விதியைத் தளர்த்தக் கோரியது. நாட்டில் ஏறத்தாழ 22 இலட்சம் ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை உள்ளதென மத்திய அமைச்சகம் அப்போது கூறியது. 2019-ம் ஆண்டில் இக்கல்வித் தகுதி நீக்கப்பட்டது. பயிற்சியும் தேர்வும் கடுமையாக இருக்க வேண்டும் என்பதே அரசு அப்போது வலியுறுத்திய கருத்து.

கல்வித் தகுதி நீங்கிய செய்தி மலையடிவார ஊர்கள் அனைத்துக்கும் சென்று சேர்ந்ததா என்பதை அலுவலர்கள் நேரில் கேட்டறிய வேண்டும். நீங்கிய தடையை இன்னும் உள்ளதாக எண்ணி விண்ணப்பிக்காதிருப்பவனுக்கு அத்தடை நீங்கியும் பயனில்லை.

இழப்பீட்டுச் சுமை யார் மீது?

உரிமமின்றி ஓட்டுபவருக்கு ரூ. 5,000 வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் இதே தண்டனை உண்டு. ஆயினும் அபராதம் சிறு தொகையே. பெருஞ்சுமை இழப்பீட்டில் உள்ளது. யார் மீது தவறு என்று நிறுவாமலே கோரக்கூடிய இழப்பீடாக மட்டும் உயிரிழப்புக்கு ரூ. 5 இலட்சமும் கடுமையான காயத்துக்கு ரூ. 2.5 இலட்சமும் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. தவறு நிறுவப்படும் வழக்குகளில் இறந்தவரின் வயது, வருமானம், சார்ந்திருப்போர் ஆகியவற்றைக் கொண்டு தொகை இதனினும் பன்மடங்கு உயரலாம்.

காப்பீடு நடப்பிலிருந்து, ஓட்டுநரின் உரிமமும் ஏற்றதாயின் இத்தொகையை நிறுவனம் வழங்கும். உரிமம் ஏற்றதாக இல்லையேல் நிறுவனம் அதனை எதிர்வாதமாக எழுப்பலாம். 2004-ம் ஆண்டில் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றிருந்த சட்டத்தை விளக்கி, உரிமக் குறைபாட்டில் உரிமையாளரின் கவனக்குறைவு உண்டென்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் வழங்கிப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு பணிக்கலாம் என்றும் கூறியது. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் இந்த அணுகுமுறையிலும் இறுதிச் சுமை வாகனத்தின் உரிமையாளரையே சென்றடைகிறது என்பதை மறத்தலாகாது. கடன் வாங்கி ஒரே ஒரு ஜீப்பை வாங்கியவர் இச்சுமையைத் தாங்க முடியாது. எனவே ஓட்டுநரை அமர்த்தும் முன் உரிமத்தின் வகையையும் காலத்தையும் சரிபார்ப்பது அவரது சொந்த நலனுக்கே உகந்தது.

உரிமத்தின் காலமும் புதுப்பித்தலும்

ஏற்ற வகை உரிமம் காலாவதியானால் பயனற்றது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதனைப் பெற்று முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்கு வர இயலும். போக்குவரத்து வாகன உரிமம் முன்பு மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அபாயச் சரக்குக்கு மூன்று ஆண்டு. ஏனைய உரிமங்கள், முப்பது வயதுக்குக் குறைந்தவருக்கு நாற்பது வயது வரையிலும், முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் பெறுபவருக்குப் பத்து ஆண்டுகளும், ஐம்பது முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் பெறுபவருக்கு அறுபது வயது வரையிலும், அதற்கு மேற்பட்டவருக்கு ஐந்து ஆண்டுகளும் செல்லும்.

உரிமம் முடிந்த பின்னரும் முப்பது நாள் செல்லும் என்ற பழைய சலுகையைப் பலர் இன்னும் நம்பியுள்ளனர். 2019-ம் ஆண்டுத் திருத்தம் அச்சலுகையை நீக்கிவிட்டது. காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் தேர்வெழுதி ஓட்டிக் காட்ட வேண்டும்.

பிற நாடுகளின் முறை

ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் உரிமம் 3,500 கிலோ வரையுள்ள, ஓட்டுநரன்றி எட்டுப் பயணிகளுக்கு மேற்படாத வாகனங்களுக்கே செல்லும். 3,500 முதல் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வாகனங்களுக்குத் தனி இடைநிலை வகை உண்டு. பயணியர் வாகனங்களுக்கும் தனி வகை உண்டு. சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளுக்கே 200, 400 கன சென்டிமீட்டர் எல்லைகளில் மூன்று படிகள் வகுத்துள்ளனர். இந்தியாவில் கார் ஓட்டக் கற்றவர், சட்டப்படி, ஏழரை டன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம். தொழிலாளிக்கு இது வாய்ப்பளிக்கிறது. அதே வேளையில், வீட்டுக் காரில் பழகியவர் சுமையேற்றிய வண்டியுடன் மலைச் சரிவில் இறங்கும் நிலையையும் இது உண்டாக்குகிறது. சட்டம் தந்த இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது பயிற்சியே.

பயிற்சியின் இன்றியமையாமை

‘எட்டுப் போட்டால் லைசென்ஸ்’ என்பது மக்களின் பொதுவான எண்ணம். எட்டுப் போடுவதும், காரை ‘எச்’ வடிவில் செலுத்திக் காட்டுவதும் சமதளத்தில் கையாளும் திறனையே காட்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவது, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாது தாழ்ந்த கியரில் இறங்குவது, மழைக்கால மூடுபனியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, யானை சாலையைக் கடக்கும் இடங்களில் பொறுமை காப்பது ஆகியன ஆனைகட்டி ஓட்டுநருக்குத் தேவையான பாடங்கள். கேரளம் 2024-ம் ஆண்டில் தேர்வு முறையைக் கடுமையாக்கி, கையால் கியர் மாற்றும் பழைய எம்.80 வண்டியைக் கொண்டு மோட்டார் சைக்கிள் தேர்வு நடத்தும் வழக்கத்தைக் கைவிடச் செய்தது. ஓட்டப்போகும் வண்டியிலேயே தேர்வு நடைபெற வேண்டும் என்ற கொள்கை இதில் அடங்கியுள்ளது.

2021-ம் ஆண்டு விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களில் இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரங்களில் 29 மணி நேரமும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரமும் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது. இத்தகைய மையங்கள் மலைப்பகுதிகளுக்கு அண்மையில் அமைவது பெரிதும் விரும்பத்தக்கது.

அலுவலர்களின் கடமை

மலை ஊரிலிருந்து உரிம அலுவலகத்துக்குச் செல்பவர் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலியை இழக்கிறார். பழகுநர் தேர்வுக்கு ஒரு நாள், மருத்துவச் சான்றுக்கு ஒரு நாள், ஓட்டுத் தேர்வுக்கு ஒரு நாள், தவறினால் மீண்டும் ஒரு நாள். உரிமத்துக்குச் செலுத்தும் கட்டணத்தைக் காட்டிலும் இழந்த கூலியே பெரிதாக அமைகிறது. பலர் உரிமம் பெறாமலே ஓட்டுவதற்கும் இடைத்தரகரை நாடுவதற்கும் இது ஒரு காரணம். ஆகவே அலுவலகம் மக்களிடம் செல்ல வேண்டும். பழங்குடியினர் நலத்துறை, ஊராட்சி, போக்குவரத்துத் துறை ஆகிய மூன்றும் இணைந்து குறித்த நாட்களில் முகாம் நடத்தலாம். ஆவணங்களைத் திரட்டுதல், மருத்துவப் பரிசோதனை, விண்ணப்பப் பதிவு ஆகியவற்றை ஒரே நாளில் ஒரே இடத்தில் முடிக்கலாம். ஜீப் நிறுத்தங்களிலும் தோட்ட வாயில்களிலும் மலையாளத்திலும் தமிழிலும் அறிவிப்புப் பலகை வைக்கலாம். அதில் நீண்ட சட்டப் பிரிவுகள் வேண்டியதில்லை. நான்கு கேள்விகள் போதும்: வாகனத்தின் மொத்த எடை என்ன? அந்த எடைக்கு உரிமம் உண்டா? உரிமத்தின் காலம் முடியவில்லையே? கூலிக்கு ஆள் ஏற்ற அனுமதியும் அதற்கேற்ற காப்பீடும் உண்டா?

மாணவர்களும் இதில் பங்கு கொள்ளலாம். தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள ஓட்டுநர்களின் உரிமத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டுச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிட உதவி ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைக் காக்கக்கூடும்.

சாலை அமைப்பதற்கும் வாகனம் வாங்கக் கடன் வழங்குவதற்கும் அரசு பெருந்தொகை செலவிடுகிறது. அச்செலவு முழுப் பயன் தர வேண்டுமாயின், சாலையில் வாகனத்தைச் செலுத்தும் கரங்கள் தகுதி பெற்றவையாகவும், சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும். ஆனைகட்டியின் இரு பக்கத்து ஓட்டுநர்களும் ஏற்ற உரிமத்துடன் தொழில் நடத்தும் நிலையை உருவாக்குவது அலுவலர், வாகன உரிமையாளர், மாணவர் அனைவரின் கூட்டுக் கடமையாகும்.